உதடு அசையாமல் ஓர் ‘ஆம்’

கீழ்க்கரை நீர்ப்பங்கீட்டு அதிகாரசபை இந்தச் சிறுபோகத்தில் மனிதர்களைத் திருத்துவதென்று முடிவெடுத்தது. வாய்க்காலைத் திருத்தலாம் என்றும் ஒரு யோசனை இருந்ததாம். வாய்க்கால் பதினொரு கிலோமீற்றர் நீளம், மனிதன் ஐந்தரை அடி. சபை இலகுவானதைத் தெரிவுசெய்தது.

நாங்கள் கல்முனைக்கு மேற்கே புளியடி வட்டையில் வயல் செய்கிறவர்கள். மூன்றாம் வாய்க்காலில் முப்பத்தொரு பேர், முஸ்லிம்களும் தமிழர்களும் கலந்து. போன வருடம் வரைக்கும் எங்கள் தண்ணீர் முறையைப் பார்த்தவர் வட்டவிதானை. சைக்கிளில் வருவார், பயிரைப் பார்ப்பார், இரண்டு பேரை ஏசுவார், மதகைத் திறந்துவிட்டுப் போவார். இந்த வருடம் மதகுக்கு மோட்டர் பூட்டி, அதைத் திறக்கும் அதிகாரத்தைக் கல்முனை அலுவலகத்தில் இருக்கும் ஓர் இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டார்கள். வட்டவிதானைக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இயந்திரத்தின் பெயர் ‘தெளிவு’. நெஞ்சுயரம், வெள்ளை உடம்பு, நீலக் கண்ணாடியில் இரண்டு வட்டக் கண்கள், வாய் கிடையாது. வானொலிச் செய்தி வாசிக்கும் பெண்ணின் குரல். அதன் தலைக்கு மேலே ஒரு பலகை: ‘இக்கருமபீடத்தில் சொல்லப்படும் எந்தப் பதிலும் உறுதிமொழியாகவே கொள்ளப்படும்.’ ஒவ்வொரு பங்காளரும் அதன் முன் நின்று பத்துக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். வாய்க்காலில் உள்ள அத்தனை பேரும் தேறினால்தான் மதகு திறக்கும். ஒருவர் மூன்று தடவை தவறினால் அந்த வாய்க்கால் முழுவதும் வரிசையின் கடைசிக்குப் போகும். கடைசி என்றால் இருபத்தொரு நாள்.

எங்கள் நெல் அப்போது குடலை. கதிர் இன்னும் வெளியே வராமல் பயிரின் வயிற்றுக்குள் இருக்கிற பருவம். அந்த நேரத்தில் தண்ணீர் இல்லாவிட்டால் வெளியே வருவது பதர்தான். கச்சான் காற்று வேறு நெருப்பாய் வீசிக்கொண்டிருந்தது. அடுத்த வாரம் வியாழக்கிழமைக்குள் தண்ணீர் ஏறாவிட்டால் மாட்டை அவிழ்த்து வயலுக்குள் விட வேண்டியதுதான். இருபத்தொரு நாளைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

முதல் திங்கட்கிழமை, முதல் ஆளாகப் போனவர் சரீப் காக்கா. ஐம்பத்தெட்டு வயது, இரண்டரை ஏக்கர். யாருடனும் சண்டை கிடையாது. யாரோடு கதைத்தாலும் சுகம் கேட்டுத்தான் தொடங்குவார்.

“அஸ்ஸலாமு அலைக்கும் தங்கச்சி” என்றார்.

“கேள்வி இன்னும் கேட்கப்படவில்லை” என்றது தெளிவு. “கேட்கப்படாத கேள்விக்குப் பதிலளிக்க வேண்டாம்.”

ஒன்பது கேள்விகள் சுகமாகப் போயின. பத்தாவது, வரம்பில் தண்ணீர் பாய வெட்டிவிடும் வாயான வக்கடையைப் பற்றியது: “வியாழக்கிழமை காலை ஆறு மணிக்குத் தண்ணீர் வரும்போது, உங்கள் வரம்பிலுள்ள வக்கடையைத் திறக்க நீங்கள் அங்கே நிற்பீர்களா?”

“ஓம், இன்ஷா அல்லாஹ்.”

கண்கள் இரண்டு சுற்றுச் சுற்றின.

“உங்கள் பதில் நிபந்தனைக்குட்பட்டது. நீங்கள் நிற்பது மூன்றாந் தரப்பொன்றின் விருப்பத்தில் தங்கியுள்ளது. மூன்றாந் தரப்பின் ஒப்புதலைப் படிவம் ஏழில் பெற்று வரவும். நன்றி. அடுத்தவர்.”

அடுத்தவர் அமிர்தலிங்கம். சரீப் காக்காவின் வயலுக்குப் பக்கத்து வயல். முப்பது வருடமாக இருவருக்கும் ஒரே வரம்பு. முன்னவர் விழுந்ததைப் பார்த்துவிட்டு அவர் மிகவும் கவனமாகத்தான் பதில் சொன்னார்.

“முருகன் விட்டா நிப்பன்.”

“முருகன் என்னும் பெயர் மூன்றாம் வாய்க்கால் பங்காளர் பட்டியலில் இல்லை. அடுத்தவர்.”

அன்று முப்பத்தொரு பேரில் தேறியவர்கள் மூன்று பேர். அவர்களில் ஒருவருக்குக் காது கேளாது.

சரீப் காக்காவும் அமிர்தலிங்கமும் பணிப்பாளர் கேதீஸ்வரனின் அறைக்குப் போனார்கள். நானும் வாசலில் நின்றேன். பணிப்பாளர் படிவம் ஏழை எடுத்து மேசையில் விரித்தார். மூன்றாந் தரப்பின் முழுப்பெயர், நிரந்தர முகவரி, அடையாள அட்டை இலக்கம், கையொப்பம்.

“அஸ்தஃபிருல்லாஹ்!” என்று சரீப் காக்கா ஓரடி பின்னால் போனார். “சேர், இது ஆருக்கிட்டப் போய் வாங்கிற கையொப்பம்?”

“அது எங்களுக்குத் தெரியா. நாங்க படிவத்தில இடம் விட்டிரிக்கம். அந்தச் சொல்ல விட்டீங்கெண்டா படிவமே தேவல்ல.”

“நாளைக்கி ஒரு காரியம் செய்வன் எண்டா அதச் சொல்லித்தான் சேர் சொல்லணும். நாளைக்கி நான் உசிரோட இரிப்பனா எண்டு எனக்கித் தெரியுமா?”

“காலமான பங்காளருக்கு வேற கருமபீடம் வருது” என்றார் பணிப்பாளர். “அடுத்த வருசம்.”

அவர் சிரிக்கவில்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

பிறகு சபை எங்களுக்கு மூன்று நாள் பயிற்சி வகுப்பு வைத்தது. பெயர் ‘தெளிவாகக் கதைப்போம்’. நடத்தியவள் எழுதுவினைஞர் பஸ்மினா, எங்கள் ஊர்ப் பிள்ளை. விறாந்தையில் சரீப் காக்காவைக் கண்டதும் மெல்லச் சொன்னாள்:

“ஸலாத்த இஞ்ச நிண்டு சொல்லிட்டு வாங்க காக்கா. உள்ளுக்குச் சொல்ல ஏலா.”

உள்ளே சட்டம் இதுதான். சுகம் கேட்கக் கூடாது. காக்கா, தம்பி, தங்கச்சி கிடையாது. கேள்வி முடிந்ததும் மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிவிட்டுப் பதில் சொல்ல வேண்டும். எண்ணாமல் சொன்னால் யோசிக்காத பதிலாகவும், மூன்று வரை எண்ணினால் பொய்யாகவும் பதியப்படும். கையை ஆட்டக் கூடாது. ‘பாப்பம்’ கூடாது. நேற்று என்ன நடந்தது, மாடு எங்கே போனது, மழை ஏன் பெய்யவில்லை என்ற கதை எதுவும் கூடாது. ‘ஆம்’ அல்லது ‘இல்லை’. பழகுவதற்கு இயந்திரத்தை வெளியே எடுக்க அனுமதியில்லை என்பதால் ஒரு நீலப் பீப்பாய்க்குக் கண் வரைந்து வைத்திருந்தார்கள். நரைத்த தாடியுடன் ஆண்கள் வரிசையில் நின்று, ஒருவர் பின் ஒருவராக, அந்தப் பீப்பாய்க்கு ஆம் சொன்னோம். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. எனக்கு அது நன்றாக வந்தது.

இரண்டாம் நாள் பணிப்பாளர் வகுப்புக்கு வந்து உற்சாகமூட்டினார்.

“இயந்திரத்துக்கு உங்கள் பேச்சைப் பழக்கியிருக்கலாம் என்று சிலர் குறை சொல்கிறார்கள். அதற்கு ஆறு மாதம் வேண்டுமாம். உங்களைப் பழக்க மூன்று நாள் போதும். ஆகவே உங்களில் எனக்கு எவ்வளவு நம்பிக்கை என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்.”

நாங்கள் ஒன்று, இரண்டு எண்ணிவிட்டுக் கைதட்டினோம்.

வகுப்பு முடிந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் சோதனை. எல்லோருக்கும் ஒரு வழி பிடிபட்டிருந்தது. வாயால் ஆம் சொல்லிவிட்டு மிச்சத்தை மனதுக்குள் சொல்லிக்கொள்வது.

“மனசுக்குள்ள சொன்னா அல்லாஹ்வுக்குக் கேக்கும், இதுக்குக் கேக்கா” என்றார் சரீப் காக்கா. நாலைந்து நாளில் அன்றுதான் அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

பத்தாம் கேள்வி வந்தது. ஒன்று, இரண்டு. “ஆம்” என்றார்.

கண்கள் சுற்றவில்லை. அவரையே பார்த்தன.

“பதிலுக்குப் பின் உங்கள் உதடு ஆறு தடவை அசைந்தது. பதில் முடியவில்லை எனக் கருதப்படுகிறது. இது உங்கள் இரண்டாவது தவறு.”

ஐம்பது வருடம் வாயோடு வந்த சொல்லை மனதுக்குள் போட்டாலும் உதடு விடுமா? அன்று பதினெட்டுப் பேர் தேறினோம். எனக்கு உதடு மெல்லியது, தப்பிவிட்டேன். சனிக்கிழமை காலையில் விழுந்தவர்கள் எல்லோரும் கொரோனாக் காலத்து முகக்கவசத்தைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு வந்தார்கள். அமிர்தலிங்கம் உட்பட ஒன்பது பேர் தேறிவிட்டார்கள். மத்தியானம், முகக்கவசம் போடாதவர்களை முன்பு திருப்பி அனுப்பிய அதே கதவில், போட்டவர்கள் உள்ளே வரக் கூடாது என்று அறிவித்தல் ஒட்டப்பட்டது. சரீப் காக்கா கவசம் வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தபோது பசை காய்ந்துகொண்டிருந்தது.

முப்பது பேர் தேறிவிட்டோம். மிச்சம் அவர் ஒருவர்தான்.

அதற்குப் பிறகு நடந்ததை எழுத எனக்குக் கை கூசுகிறது. நாங்கள் நல்லவர்கள்தான். ஆனால் வயலுக்குப் போனால் நிலம் விரல் போகிற அளவுக்கு வெடித்துக் கிடந்தது. வெடிப்பைப் பார்த்துவிட்டு வருகிற மனிதன் நல்லவனாக இருப்பது கஷ்டம். ஒருவர் தொலைபேசியில் எடுத்து, “காக்கா, ஒரு சொல்லுதானே” என்றார். இன்னொருவர் அதைப் பள்ளிவாசல் வாசலில் வைத்தே கேட்டார். நான் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் வழியில் கண்டபோது அவருடைய உதட்டைத்தான் பார்த்தேன். அவர் அதைக் கண்டுகொண்டார்.

வீட்டில் நடந்ததை அவருடைய மனைவி சுல்பிகாதான் பிறகு எங்கள் வீட்டில் சொன்னாள். ஞாயிறு பின்னேரம் தேத்தண்ணீரை வைத்துவிட்டுக் கேட்டாளாம்:

“இஞ்ச பாருங்க, வாற கிழம மகள் ஸம்றாட புள்ளயப் பாக்கப் போவமா?”

அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு எண்ணி, “ஆம்” என்றாராம்.

“இன்ஷா அல்லாஹ் சொல்லுங்க.”

“பழகிறன் புள்ள.”

“ஊட்டுக்குள்ள பழகாதீங்க. அந்தச் சாமானோட கதைக்கிற கதைய வாசல் படலையில வெச்சிட்டு வாங்க!”

கத்தினாளே தவிர, அன்றும் அடுத்த நாளும் அவருக்கு முன்னால் உட்கார்ந்து உதட்டைக் கவனித்தவளும் அவள்தான். “அசையுது”, “இப்பயும் அசையுது”, “கீழுதடு.” கல்யாணமாகி முப்பத்திரண்டு வருடத்தில் தன் புருசனின் வாயை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை என்று சொல்லிச் சிரித்தாள். பிறகு அழுதாள். திங்கள் அந்தி மஃரிப் தொழுகைக்கு முன்னால், “அசையல்ல” என்று அவள் சொன்னபோது இருவருக்கும் சந்தோசம் வரவில்லையாம்.

செவ்வாய்க்கிழமை சான்றிதழ் விழா. பயிற்சி பெற்ற முப்பத்தொரு பேரும் கட்டாயம் வர வேண்டும் என்று கடிதம். தெளிவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அது தோள் இல்லாத உடம்பாகையால் பொன்னாடை இரண்டு தடவை வழுகி விழுந்தது. பணிப்பாளர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

“முன்பெல்லாம் இந்தச் சபைக்கு மாதம் நூறு முறைப்பாடு வரும். ஒன்றுக்காவது பதில் சொன்னோமா என்று பத்திரிகைகள் கேட்டன. இன்று பெருமையோடு சொல்கிறேன், இந்த மாதம் ஒரு முறைப்பாடும் இல்லை. ஏனென்றால் முறைப்பாட்டைத் தெளிவிடம் எந்த மாதிரிச் சொல்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. மக்கள் வளவளவென்று கதைத்ததால்தான் தண்ணீர் வீணானது. உறுதி இல்லாத மனிதனுக்குத் தண்ணீர் எதற்கு? ஆம் என்றால் ஆம். இந்தச் சபை எதிர்பார்ப்பது அவ்வளவுதான்.”

பிறகு, விழாவின் சிறப்பம்சமாக, எஞ்சியிருக்கும் ஒரே பங்காளர் எல்லோர் முன்னிலையிலும் சோதிக்கப்படுவார் என்று அறிவித்தார்.

சரீப் காக்கா எழுந்து போனார். சட்டையின் முதுகு நனைந்திருந்தது. ஒன்பது கேள்வி. ஒன்பது ஆம். எனக்குப் பக்கத்தில் அமிர்தலிங்கம் கதிரையின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தார்.

“வியாழக்கிழமை காலை ஆறு மணிக்குத் தண்ணீர் வரும்போது, உங்கள் வரம்பிலுள்ள வக்கடையைத் திறக்க நீங்கள் அங்கே நிற்பீர்களா?”

ஒன்று. இரண்டு.

“ஆம்.”

அவருடைய உதடு கல் மாதிரி இருந்தது. கண்ணில் மட்டும் தண்ணீர் நின்றது. நல்ல காலம், கண்ணுக்கு இயந்திரத்தில் சட்டம் எழுதியிருக்கவில்லை.

“ஏற்றுக்கொள்ளப்பட்டது” என்றது தெளிவு. தண்ணீர் முறைக்கான கடதாசித் துண்டு ஒன்று வெளியே வந்தது. மண்டபம் மூச்சுவிட்டது.

அவர் துண்டை எடுத்தார். திரும்பவில்லை. எந்தக் கமக்காரனும் தண்ணீர் முறை கிடைத்தால் கடைசியாக ஒரு தடவை கேட்டுக்கொள்வான்; வட்டவிதானையிடமும் அப்படித்தான் கேட்போம். அவரும் கேட்டார். ஆனால் ஒரு வாரம் பழகிய வாயால் கேட்டார்.

“வியாழக்கிழமை ஆறு மணிக்குத் தண்ணீர் வருமா? ஆம் அல்லது இல்லை.”

தெளிவு இரண்டுக்கு மேல் எண்ணியது. பத்துக்கு மேலும் எண்ணியிருக்கும். கண்கள் சுற்றிக்கொண்டே இருந்தன.

“மதகின் கதவு துருப்பிடித்துள்ளது” என்றது கடைசியில். “மின்சாரம் வாரத்தில் மூன்று தடவை தடைப்படுகிறது. குளத்தின் நீர்மட்டம் மூன்று மாதங்களாக அளக்கப்படவில்லை. பணிப்பாளரின் கையொப்பம் இன்னும் இடப்படவில்லை. இவை என் கட்டுப்பாட்டில் இல்லை. இப்படியான நிலையில் சொல்லத்தக்கதாக இக்கருமபீடத்தில் அதிக தடவை பதிவான பதிலை அளிக்கிறேன். இன்ஷா அல்லாஹ்.”

பின்வரிசையில் யாரோ பழக்கத்தில் “ஆமீன்” என்றார்கள்.

சிரிப்பு வரவேண்டிய இடம். வருவதற்குள் கண்கள் இரண்டும் சிவந்தன.

“எச்சரிக்கை. இக்கருமபீடத்தில் சொல்லப்பட்ட பதில் நிபந்தனைக்குட்பட்டது. மூன்றாந் தரப்பின் ஒப்புதல் பெறப்படும் வரை மூன்றாம் வாய்க்கால் மதகு திறக்கப்படமாட்டாது. நன்றி. அடுத்தவர்.”

அதோடு அது தலையைத் தொங்கப் போட்டது. பொன்னாடை மூன்றாவது தடவையாக விழுந்தது.

பணிப்பாளர் ஓடிவந்தார். தட்டிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, தெளிவுக்கு மூன்று நாள் பயிற்சி வகுப்பு ஏற்பாடு செய்யப்படும் என்று அறிவித்தார்.

ஒருவரும் எழுந்து போகவில்லை. சரீப் காக்கா துண்டைக் கொண்டுபோய்ப் பணிப்பாளரின் மேசையில் வைத்தார்.

“சேர். வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு மதகைத் திறப்பீங்களா? ஆம் அல்லது இல்லை.”

“பாப்பம் காக்கா. மேலால அனுமதி வந்தா, மற்றது மின்சார ஆக்களும்...”

“உங்கள் பதில் நிபந்தனைக்குட்பட்டது.”

இதைச் சொன்னது முப்பத்தொரு பேரும். ஒரே குரல், ஒரே வேகம், சபையே பழக்கியது. பஸ்மினாவின் குரலும் அதற்குள் கேட்டது.

“என்ன நீங்க எல்லாரும் சேந்து... மேலிடத்தக் கேக்காம நான் எப்பிடிச் சொல்ற?”

“மூன்றாந் தரப்பின் பெயர்?” என்றார் அமிர்தலிங்கம்.

“முகவரி?” என்றேன் நான்.

“அடையாள அட்டை இலக்கம்?” என்றாள் பஸ்மினா, படிவம் ஏழை அவர் முன்னால் விரித்து.

பணிப்பாளர் கதவைப் பார்த்தார். கதவிலும் ஆட்கள் நின்றார்கள், அடியும் இல்லை, ஏச்சும் இல்லை, மனதுக்குள் எண்ணிக்கொண்டு. அவருடைய மேசை லாச்சிக்குள் மதகைக் கையால் சுற்றித் திறக்கும் பழைய கைச்சில்லின் பூட்டுத் திறப்பு இருந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்.

“ஆம்” என்றார்.

பதினேழு வருட சேவையில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது அதுதான் முதல் தடவை என்று பஸ்மினா பிறகு சொன்னாள். ஆளுக்கு வேர்த்து ஊற்றியது. கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார்.

“உதடு அசையுது சேர்” என்றார் சரீப் காக்கா. “பறவால்ல. சொல்லுங்க.”

வியாழக்கிழமை ஆறு மணிக்கு மின்சாரம் இல்லை. பணிப்பாளரின் மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் உட்கார்ந்து வட்டவிதானை வந்தார். பயிரைப் பார்த்தார், இரண்டு பேரை ஏசினார், அதில் ஒருவர் பணிப்பாளர். கைச்சில்லைச் சுற்ற நாலு பேர் வேண்டியிருந்தது. ஏழே முக்காலுக்குத் தண்ணீர் எங்கள் பக்கம் வந்தது.

சரீப் காக்கா விடியற்காலை ஸுபஹ் தொழுகையிலிருந்தே தன் வக்கடையில் நின்றார். ஆம் சொன்னவரல்லவா. மண்வெட்டியால் ஒரு வெட்டு. தண்ணீர் வயலுக்குள் இறங்கி வெடிப்புகளுக்குள் போனபோது நிலம் நுரைத்தது. “அல்ஹம்துலில்லாஹ்” என்றார், சத்தமாக. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மனிதர் பழையபடி வந்துவிட்டார் என்று நினைத்தேன்.

அமிர்தலிங்கம் வரம்பின் மறுபக்கம் நின்று முகத்தைக் கழுவினார்.

“கதிர் வெளிய பறிஞ்சிரும் காக்கா. இனிப் பயமில்ல. ஆவணி கடைசியில வெட்டிருவம், என்ன?”

சரீப் காக்கா நிமிர்ந்து நின்றார். மண்வெட்டியைக் கீழே வைத்தார். கைகள் இரண்டும் பக்கவாட்டில் நேராக இறங்கின. ஒன்று. இரண்டு.

“ஆம்” என்றார்.

அமிர்தலிங்கம் காத்துக்கொண்டு நின்றார். நானும்தான். அதற்குப் பின் ஒன்றும் வரவில்லை. உதடு அசையவில்லை. அவருக்கே அது தெரிந்துவிட்டது. வாயைத் திறந்தார், கையால் உதட்டைத் தொட்டுப் பார்த்தார், எங்கள் இருவரையும் பயத்தோடு பார்த்தார்.

அமிர்தலிங்கம் தண்ணீருக்குள் இறங்கி வந்து அவருடைய தோளைப் பிடித்தார்.

“மத்தச் சொல்லையும் சொல்லுங்க காக்கா” என்றார். “முப்பது வருசமா அதக் கேட்டுத்தான் நானும் வெட்டின. இன்ஷா அல்லாஹ் எண்டு சொல்லுங்க. நீங்க சொல்லாட்டி எனக்குப் பயமா இரிக்கி.”